மயிரிழை கீழே

கனத்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் மெல்லிய ஷூவை மாட்டிக்கொள்கிறார் வெர்லின். பெடல் ஸ்டீல் வாசிப்பவருக்குக் காலும் ஒரு கைதான். மேசைபோல் நிற்கும் அந்தக் கிட்டாரின் முன் உட்கார்ந்து, இடது கையிலுள்ள எஃகு உருளையால் தந்திகளைத் தடவியபடியே கீழே பெடல்களை மிதிக்கவேண்டும். “பூட்ஸோட மிதிச்சா மாடு புகுந்த சோளக்காடு மாதிரி ஆயிடும்” என்பார்.

பகலில் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறார். எல்லா வீட்டு நாய்களின் பெயரும் தெரியும். வீட்டுக்காரர்களின் பெயர்தான் மறந்துபோகும். தான் சொல்லும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார், சில சமயம் சொல்லி முடிக்கும் முன்பே. என் கணவர் லைலின் சவப்பெட்டியைத் தூக்கும்போது, “ஏன்டா லைல், உசுரோட இருந்தப்பவும் உன் ஸ்பீக்கரை நான்தான் தூக்கினேன். இப்பவுமா?” என்று கேட்டு பாதிரியாரையே சிரிக்கவைத்தார். அன்று என்னிடம் யாரும் அதைவிட ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

இந்த மனிதர் தந்தியில் கை வைத்தால் கூடமே அழும்.

பாடகன் டாரெலின் குழுவில்தான் வெர்லின் வாசிப்பார். அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில் அது கண்ட்ரி பாட்டுத்தான் பாடியது. ஆனால் வானொலிக்காரர்கள் கேட்கும் பளபளப்பு அதில் கிடையாது. கிட்டாரைக் கரகரக்க விட்டு, மூடிய சுரங்கத்தையும் முறிந்த கல்யாணத்தையும் பாடுவார்கள். கூட்டம் குறைவு. வந்தவர்கள் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போவார்கள். லைல் அதில் பேஸ் கிட்டார் வாசித்தார். அவர் போனபின் டாரெல் அவருக்காக ஒரு பாட்டு எழுதினான். நடுவில் அவனுக்குச் சொல் தீர்ந்துபோய்விட்டது. அந்த இடத்தில் வெர்லின் தனியாக வாசிப்பார். டி‑ஷர்ட் விற்கும் மேசைக்குப் பின்னால் நின்று நான் கேட்பேன்.

இந்த வசந்தத்தில் டாரெலுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. பல்லைச் சீராக்கிக்கொண்டான். கெல்சியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளோடு அவளுடைய கீபோர்டும் வந்தது. பாட்டெல்லாம் வேகம் பிடித்தது, பல்லவிக்குப் பல்லவி கைதட்டல் நுழைந்தது. இத்தனை காலம் எட்டிப்பார்க்காத மாவட்டப் பொருட்காட்சிக்காரர்கள் தாங்களாகவே கூப்பிட்டுப் பெரிய மேடையைக் கொடுத்தார்கள்.

அதற்கான ஒத்திகை டாரெலின் டிராக்டர் கொட்டகையில் நடந்தது. சுருதி பார்க்கும் கருவி காட்டும் இடத்தில் வெர்லின் சில தந்திகளை நிறுத்தமாட்டார். மயிரிழை கீழே இறக்கி வைப்பார். ஸ்டீல் வாசிப்பவர்கள் பலரும் அப்படித்தான். அழுகை குடியிருப்பது அந்த மயிரிழையில். ஆனால் கீபோர்டு இம்மியும் நகராது. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது எனக்கே பல் கூசியது.

“உங்க சுருதி எங்கயோ போகுதுங்க” என்றாள் கெல்சி.

“போகல கண்ணு, நான்தான் இறக்கி வச்சிருக்கேன். உன் பெட்டியைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லேன்.”

“அது இறங்காதுங்க.”

“எங்க மாமியாரும் இப்படித்தான்.”

டாரெல் சிரிக்கவில்லை. “இங்க பாரு கிழவா. மெஷின் காட்டுற இடத்துல தந்தியை வை. முடியலையா, பொருட்காட்சியோட நிறுத்திக்குவோம். வேணும்னா ஓரமா நின்னு டாம்பரின் தட்டு. போஸ்டர்லகூட நீ ஒருத்தன்தான் உம்முனு இருக்க.”

“நானா? அடப்பாவி, இந்தக் கும்பல்லயே இத்தனை வருஷமா சிரிச்சவன் நான் ஒருத்தன்தான்டா!”

“மேடையில சிரிச்சியா?”

“மேடையில எனக்கு வேலை இருந்துச்சு.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “லைல் பாட்டுக்கும் இப்படித்தானா?” என்றார்.

டாரெல் என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். “அதுக்கும்தான். அவன் செத்ததையே எவ்வளவு நாள் பாடுறது? வாழ்ந்ததைக் கொண்டாடுவோம்.”

நான் மடித்த டி‑ஷர்ட்டை உதறி மறுபடி மடித்தேன். லைல் டாரெல் பக்கம்தான் பேசியிருப்பார். அவருக்கும் ஆடப் பிடிக்கும்.

பொருட்காட்சியன்று பன்றிப் பந்தயம் முடிந்த கையோடு கூட்டம் எங்கள் மேடைக்கு வந்தது. வெர்லின் ஒவ்வொரு தந்தியாக முறுக்கினார். கருவியில் ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. டாரெல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். லைலின் பாட்டு துள்ளிக்கொண்டு புறப்பட்டது. பியர் கோப்பையும் கையுமாக ஜனங்கள் ஆடினார்கள். “என்ன ஜாலியான பாட்டு! யாருக்காம்?” என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். “என் வீட்டுக்காரருக்கு” என்றேன். “குடுத்து வச்சவர்” என்று சொல்லிவிட்டு மீடியம் அளவில் ஒரு டி‑ஷர்ட் வாங்கிக்கொண்டாள்.

சொல் தீரும் இடம் வந்தது. வெர்லினின் தந்திகள் மெஷின் சொன்னபடியேதான் இருந்தன. ஆனால் உருளையைப் பிடித்த இடது கையை, நிற்கவேண்டிய இடத்துக்கு மயிரிழை பின்னாலேயே நிறுத்திக்கொண்டார். சுருதி மயிரிழை இறங்கி, கீபோர்டோடு உரசியது. டாரெல் திரும்பி முறைத்தான். வெர்லின் கையை நகர்த்தவில்லை.

கெல்சி புருஷனைப் பார்த்தாள், வெர்லினைப் பார்த்தாள். பிறகு கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். டிரம்ஸ்காரரும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். முன்வரிசையில் ஆடிய கால்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எங்கள் மண்சாலைகளில் எதிரே வரும் வண்டிக்கு வணக்கமாக, ஸ்டியரிங்கை விடாமல், ஒரே ஒரு விரலை உயர்த்திக் காட்டுவோம். வெர்லின் தலை நிமிராமல், வாசிப்பை நிறுத்தாமல், உருளையின் மேலிருந்த ஆள்காட்டி விரலைக் கெல்சியின் பக்கம் மெல்ல உயர்த்தினார்.