அம்மா பாதியில் விட்ட சுற்று

அந்த ஊர்க் கல்லில் எண்ணெய் வாசனை இல்லை. நம் மலையடிவாரப் பெரிய கோயில் கல் என்றால் எண்ணெய், விபூதி, வௌவால் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வருமே... கொலோன் நகரத்துக் கிறிஸ்தவக் கோயில் கல்லில் மழையும் கரிப்புகையும்தான் வரும். மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறேன்.

சுமதி, வசந்தா... "ஜெர்மனியில இன்னா இன்னா பாத்த, நம்ம நோட்டுல எழுதுடி" என்று ஒரு மாதமாகக் கேட்கிறீர்கள். எழுதுகிறேன். படித்ததும் நோட்டைப் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள். அப்பா கையில் கிடைத்தால் என் கதை முடிந்தது.

அப்பாவுக்கு அங்கே ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. நானும் அம்மாவும் இரண்டு வருடம் அவரோடு இருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர் சுற்றிக் காட்டுவார். ரைன் ஆற்றங்கரைக் கோட்டை, ரோமர்கள் கட்டிய பழைய வாசல், ராஜா இருந்த மாளிகை... எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்.

"இங்க நில்லு. சிரி. சரி, வா."

கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அம்மா கேட்டால், "அதான் பாத்தாச்சில்ல" என்பார். போட்டோக்கள் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேரும். எங்கள் ஜெர்மனி அவ்வளவுதான்.

அம்மா சின்ன வயதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவள். அங்கே போனதும் அது நின்றுபோனது. பௌர்ணமி அன்று ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள்.

நாங்கள் கொலோன் போன ஞாயிறும் பௌர்ணமிதான். ரயில் பாலத்தில் ஏறியதும் மூடுபனிக்கு மேலே இரண்டு கறுப்புக் கோபுரங்கள் தெரிந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோபுரத்தில் ஏறிப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும். அப்பா வரிசையில் நின்றார். அவரோடு வேலை செய்யும் ஒரு மெட்ராஸ்காரரும் அவர் மனைவியும் கூட வந்திருந்தார்கள். அம்மா ஷூவையும் சாக்ஸையும் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"பிடிடி. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"இது மலை இல்லம்மா."

"சாமி இருக்கிற எடம்தானே. சுத்தினா இன்னா கொறைஞ்சிடும்?"

புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, வெறுங்கால். இங்கே மலை சுற்றும்போது நடப்பது போலவே, கோயில் வலது கைப்பக்கம் வரும்படி ஓரமாக நடந்தாள். தரை முழுக்க ஈரம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் காலையே பார்த்தார்கள். நான் பின்னால் போனேன்... பத்தடி தள்ளி. அவளோடு வந்தவள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று. ஷூவைக் கூடக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

கோயிலின் பின்பக்கம் போனபோது, எங்களைத் தேடிக்கொண்டு அப்பா எதிரே வந்தார். அவர் அருகே வருவதற்குள் ஒரு ஜெர்மன்காரி அம்மாவின் காலைப் பார்த்துப் பதறிப்போய் அவரை நிறுத்தினாள். "இந்த அம்மா உங்களோடு வந்தவரா?"

"இல்லை. எனக்குத் தெரியாது" என்றார் அப்பா, ஜெர்மனில்.

அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. அங்கே பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியும்.

அந்த ஜெர்மன்காரி நகர்ந்ததும் அப்பா வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "மானத்த வாங்கறதுக்குன்னே வந்தியா? ஷூவ போடு."

"இன்னும் பாதிதாங்க..."

பாதியோடு ரயில் ஏறிவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அம்மாவை வெளியே கூட்டிப்போகவில்லை. என்னை மட்டும் கூட்டிப்போனார். நானும் போனேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன், சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

போன வருடம் எங்களை இங்கே விட்டுவிட்டு அவர் திரும்பிப் போனது உங்களுக்குத் தெரியும். இப்போது லீவில் வந்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். இன்று மாமா வந்தபோதும் ஆரம்பித்தார்.

"கூத்த கேளு மச்சான். ஜெர்மனிக்காரன் கோயிலுக்குக் கிரிவலம் வராங்க உன் தங்கச்சி."

"ஏம்மா, வழியில சுண்டல் கிண்டல் குடுத்தானா?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். டம்ளர்களை எடுத்துக்கொண்டே அம்மாவும் சிரித்தாள். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொன்ன இடம் மட்டும் அந்தக் கதையில் ஒருநாளும் வருவதில்லை.

அதோடு விட்டாரா? "இந்த தடவ பொண்ண மட்டும் கூட்டிக்கினு போறேன் மச்சான். பாஷை தெரியும், சமைக்கவும் கத்துக்கிட்டா. இவ இங்கியே இருக்கட்டும். நாளைக்கே மெட்ராஸ் போய் டிக்கெட் போட்டுடறேன்."

என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை.

சமையலறையில் அம்மா சொன்னாள்: "போய் நல்லா படிடி. அந்தப் பக்கம் போனா, நான் வுட்ட பாதிய நீ சுத்திடு. கொறையா நிக்குதுன்னு மனசு கேக்கவே இல்ல."

அவள் வேண்டிக்கொண்டு நடந்ததை நான் போய் எப்படி முடிப்பேன்? அவள்தான் வரவேண்டும்.

போன பௌர்ணமிக்கு அவளோடு மலை சுற்றினேன். அடி அண்ணாமலை தாண்டும்போது பார்த்தேன், நடந்தவர்கள் எல்லோரும் வெறுங்கால். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா முன்பின் தெரியாத ஒருத்தியோடு வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதையே நான் மறந்திருந்தேன்... அந்த இரண்டு வருடத்தில் அவளை ஊமையாக்கி வைத்திருந்தோம், அப்பாவும் நானும்.

அப்போது எனக்கு அப்பாவிடம் பயம் மட்டும்தான். இப்போதும் பயம் கம்மியாகவில்லை. அதன்மேல் கோபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் போனால் அம்மாவை விட்டுவிட்டுப் போவது அவருக்குச் சுலபம். நான் மாட்டேன் என்றால், அங்கே சோறு யார் பொங்குவது என்று யோசித்துத்தானே ஆகவேண்டும்.

விடியற்காலையில் வசந்தா வீட்டுக்குப் பால் வாங்க வரும்போது இந்த நோட்டை அவளிடம் கொடுத்துவிடுவேன். நீங்கள் படித்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது. ஆறு மணிக்கு அப்பா முகம் முழுக்க நுரையோடு ஷேவிங் செய்ய உட்காருவார். கன்னத்தில் பிளேடு ஓடும்போது அவரால் கத்த முடியாது. அப்போது போய்ச் சொல்லப்போகிறேன், "அம்மா வராம நான் வரலப்பா" என்று.

நாளை நான் பள்ளிக்கூடம் வராவிட்டால் அடி விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சம்மதித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.