ஐந்து டம்ளர் தண்ணீர்

எண்ணுவது வேறு, அளப்பது வேறு. மூலக்குளத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு இதைத்தான் வருடா வருடம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் எத்தனை பெஞ்ச் என்பது தனித்த தரவு. ஏழு இருக்கும், எட்டு இருக்கும், ஏழரை இருக்காது. வாளித் தண்ணீர் தொடர் தரவு. இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தி வீட்டில் எனக்கு இல்லாமல் போனது.

போன வருடம் என் கணவருக்கு இதயம் பலவீனமாகி, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டம்ளர் என்றால் இருநூறு மில்லி என்று நானே முடிவு கட்டி, நாளுக்கு ஐந்து என்று வைத்தேன். குடிக்கக் குடிக்கக் காலண்டரில் கோடு போட்டேன். ஆறாவது கேட்டால் சண்டைதான். ஆனால் மனசு கேட்குமா? கிடைப்பதே ஐந்து, அதையாவது நிறையக் கொடுப்போம் என்று எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

பத்தே நாளில் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்கியது. ஒளித்துக் குடிக்கிறார் என்று எனக்கு ஆத்திரம்.

"சத்தியமா அஞ்சுதாம்மா குடிச்சேன்," என்றார், மூச்சு இரைக்க.

மறுபடியும் ஆஸ்பத்திரி. காலண்டரையே கழற்றிக்கொண்டு போய் நர்ஸிடம் காட்டினேன். தவளக்குப்பத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது.

"கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். டம்ளர அளந்தீங்களா?"

டம்ளர் என் பையில்தான் இருந்தது. அதை விளிம்பு வரை நிரப்பி, அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையில் கவிழ்த்தாள். முந்நூறைத் தொட்டது. தினமும் ஒன்றரை லிட்டர், ஆசை ஆசையாய் நானே ஊற்றியிருக்கிறேன். வெட்கத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "காலையில ஒரு லிட்டர் பாட்டில்ல ரொப்பி வெச்சிடுங்க. ரசம், மோர் குடிச்சா அந்த அளவு பாட்டில்லேர்ந்து கீழ ஊத்திடுங்க. டம்ளர எண்ணவே வேணாம்," என்றாள்.

வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. இன்றும் பாட்டிலை நிரப்பும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் நன்றாக இருக்கட்டும்.

சென்ற வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "வீட்டுல எத்தன பேரும்மா?" என்றார்.

"ரெண்டு பேரு," என்றேன்.

"மெதுவா சொல்லு, தெருவுக்கே கேக்குது," என்று உள்ளேயிருந்து என் கணவர் சிரித்தார்.

கேட்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன்.