பின்சீட்டில் ஓர் ஏரி

“இடது பக்கம் என்ன?” என்று கண்ணாடிக்காரர் கேட்கும்போது மோட்டார் சைக்கிள் மணிக்கூண்டைத் தாண்டியிருக்கும்.

“பூக்கடை. ரோஜா வாடிக் கெடக்கு. கடைக்காரன் தண்ணி தெளிச்சு ஊரை ஏமாத்தறான்” என்பார் பின்சீட்டிலிருந்து மனைவி.

“வலது பக்கம்?”

“பேங்க்கு. வாசல்ல நாய் தூங்குது. பக்கத்துல வாட்ச்மேன் தூங்குறாரு.”

“யாரு நல்லாத் தூங்குறது?”

“வாட்ச்மேன்தான். நாய்க்குக் கொஞ்சம் பொறுப்பு இருக்குங்க, அப்பப்ப முழிச்சுப் பாத்துக்குது.”

கண்ணாடிக்காரர் மனநிறைவோடு கியரை மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போவது இப்படித்தான். சுற்றுவது அவர்; பார்ப்பது அந்த அம்மாள்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டகத்தை ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?” என்று கேட்பதே பிழைப்பு. நாக்கில் ஊறிப்போன கேள்வி. வீட்டுக்குச் சுவர்ப்பூச்சு பூச வந்த ஆளிடமும் இதையே கேட்டு, அவரை மூன்று முறை பூச வைத்து அழவிட்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் அவரும் நம்மைப்போல் கண்டதையும் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார். ஒருநாள் பாலத்தின்மேல் போகையில், சூரியன் மறைவது அழகாக இருக்கிறதே என்று தலையைத் திருப்பினார். திருப்பிய தலையை நேராக்குவதற்குள், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியோடு வண்டி சம்பந்தம் பேசிவிட்டது. அன்றைய அஸ்தமனம் மனைவியின் முழங்கையில் இன்னும் தழும்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே சட்டம் போட்டார்: “ஓட்டுறவன் கண்ணு ரோட்டுக்கு, உக்காந்திருக்கறவ கண்ணு ஊருக்கு.” அன்று முதல் காதோரம் குண்டு வெடித்தாலும் அவர் தலை திரும்பியதில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் என்னவாம் என்று கேட்டவர்கள் உண்டு. “நிக்கறதுக்கு எதுக்குங்க மோட்டார் சைக்கிள்? வீட்டுலயே நின்னுக்கலாமே” என்று வாயை அடைத்துவிடுவார்.

சவாரியின் சிகரம், ஊர் முடிந்து செங்கல் சூளைகளும் தாண்டியபின் வரும் ஏரி. அந்த இடத்தில் வண்டியைக் குழந்தை தூங்கும் தொட்டில்போல மெதுவாக்குவார்; ஹாரனிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார். பறவைகள் பதறிவிடுமாம். மனைவி தாமரைகளைச் சொல்வார். நாரைகளுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையைச் சொல்வார். சமீபகாலமாய் அங்கே ‘டொம் டொம்’ என்று ஒரு சத்தம்.

“என்ன அது?”

“மரங்கொத்திங்க.”

“இவ்வளவு சத்தமாவா கொத்தும்?”

“கூட்டமா வந்திருக்கு.”

கண்ணையும் மூக்கையும் அடைத்த வெண்புழுதியை மனைவி மூடுபனி என்றார். “டவுனுக்குள்ள இந்தக் குளிர்ச்சி கெடைக்குமா?” என்று கண்ணாடிக்காரர் இருமிக்கொண்டே ரசித்தார். மறுநாள் கடைக்கு வருவோரிடமும் அந்த ஏரியைச் சிபாரிசு செய்தார். போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, “எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க” என்றார்கள். அவரும் இரக்கப்பட்டுப் பவரைக் கூட்டிக் கொடுத்தார்.

எல்லாம் மனைவிக்குக் கணுக்கால் பிசகும்வரைதான். ஒரு ஞாயிறு போகாவிட்டால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்று அவர் மைத்துனனைக் கூப்பிட்டார்.

“அவன் வேணாங்க. அவனுக்குப் பேசத் தெரியாது” என்று மனைவி பதறியதை வலியின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டார். மைத்துனன் வீடு வீடாகப் போய் மின் மீட்டரைப் படிக்கிறவன். இருப்பதை இருக்கிறபடியே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன்.

“இடது பக்கம் என்ன மச்சான்?”

“கடை மாமா.”

“என்ன கடை?”

“பூக்கடை.”

“பூவெல்லாம் எப்படி இருக்கு?”

“விக்கிறாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு சூளை வரை வந்துவிட்டார். வண்டி மெதுவானது. விரல் ஹாரனை விட்டது. “ஏரி வந்துடுச்சா?”

“எந்த ஏரி?”

“நக்கல் பண்ணாத. தாமரை பூத்திருக்கா?”

“மாமா, இங்க ஏழெட்டு மாடில கட்டடம்தான் எழும்பிட்டிருக்கு. ‘ஏரியைப் பார்த்தபடி வீடு’ன்னு போர்டு வெச்சிருக்கான்.”

“அப்ப ஏரி இருக்குல்ல?”

“போர்டுல இருக்கு.”

கண்ணாடிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் தலை திரும்பவில்லை. பாவம், சின்ன வயசிலேயே பையனுக்குப் பார்வை போய்விட்டதே என்று மறுநாள் கடைக்கு வரவழைத்து நாற்காலியில் உட்கார்த்தினார். அவன் எதிரே தொங்கிய எழுத்து அட்டையின் கடைசி வரி வரை படித்தான்; அதற்கும் கீழே பொடி எழுத்திலிருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தான்.

“மாமா, ஏரியைத் தூத்து மூணு வருஷமாச்சு. ஊருக்கே தெரியும். அக்கா சொல்லலையா?”

அந்த வாரம் கடையில் பலருக்கு இடது கண்ணின் வில்லை வலது கண்ணுக்குப் போனது. ஒரு மாலை, எழுத்து அட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அட்டையை எதிர்ச்சுவரில் மாட்டியதும், கேட்காமலே கடைசி வரியைப் பிசிறில்லாமல் படித்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்காரர் அட்டையைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வா என்று கூப்பிடவில்லை. வண்டி உறுமியதும் மனைவி நொண்டிக்கொண்டே வந்து ஏறினார். பூக்கடை வந்தது, நாயும் வாட்ச்மேனும் வந்தார்கள். இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. சூளைகள் தாண்டின. ‘டொம் டொம்’ கேட்டது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், விஷயம் முடிந்துவிடும். தோளில் மனைவியின் கை வந்து உட்கார்ந்தது.

“ஏரி வந்துடுச்சா?” என்று கண்ணாடிக்காரர் ரோட்டைக் கேட்டார்.

“வந்துடுச்சு.”

“இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?”

“முன்னாடிதாங்க.”

வண்டி உருண்டது. மூடுபனி கண்ணை உறுத்தியது.

“நாரை?”

“ஒண்ணு நிக்குது” என்றார் மனைவி, குரல் பிசிற. “ஒத்தக் கால்ல. நம்மளத்தான் பாக்குது.”

பின்னால் வந்த சிமெண்ட் லாரி வழிகேட்டு ஹாரனை அலறவிட்டது. கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பவில்லை. இடது கையை மட்டும் பின்னுக்கு நீட்டி, சத்தம் போடாதே என்று லாரிக்காரருக்கு உள்ளங்கையை மெல்ல அமர்த்திக் காட்டினார்.