அக்கா முகத்தில் பூசிய டியூப்

அந்தக் களிம்பின் வாசனை முதலில் ரோஜாப் பவுடர் போல மூக்கில் ஏறி, இரண்டு மூச்சு கழிந்ததும் ஊசிப்போன எண்ணெயைப் போல அடித்தொண்டையில் போய்த் தங்கும். இன்றைக்கும் பஸ்ஸில் அந்த வாசனையோடு யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து இடம் மாறிவிடுகிறேன். பிள்ளைகளே, நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன், கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்கு வரும் தமிழில்தான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் என் அக்கா முத்துலட்சுமி கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு முன் அவள் அப்பாவோடு கரிசல் காட்டில் உளுந்துக்குக் களை வெட்டி, மிளகாய்ப் பழம் பிடுங்கி, வெயிலில் கிடந்தவள். அவளுக்கு வாழ்க்கையில் பிடித்த ஒரே இடம் அந்தக் கடையின் சேலை கவுன்ட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தியை இரண்டு விரலில் பிடித்து ஒரே வீச்சு வீசினால், சேலை தரையில் படாமல் மேசை முழுக்க விரிந்து படியும். எதிரில் நிற்கும் பொம்பளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். "அந்தக் கறுத்த பிள்ளையக் கூப்பிடுங்க, அவதான் மூஞ்சியச் சுளிக்காம எடுத்துப் போடுவா" என்று கேட்டு வருகிறவர்களும் இருந்தார்கள்.

அவள் இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் இன்னும் கறுத்து, திட்டாகப் படிந்திருந்தது. எங்கள் பக்கம் அதை "மங்கு" என்பார்கள். வலி இல்லை, அரிப்பு இல்லை, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் கடையில் வரிசையாக டியூப்லைட் போட்டு, சுவரெல்லாம் கண்ணாடி பதித்தார்கள். அன்றைக்கு முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "என்னட்டி அது, மூஞ்சில சட்டிக்கரி அப்புன மாதிரி? வாரவுக சேலையப் பாப்பாகளா, ஒம் மூஞ்சியப் பாப்பாகளா? மாடியில போயி துணி மடி. சரியானப் பெறவு கீழ வா."

மாடி என்பது ஜன்னல் இல்லாத சரக்கு அறை. அக்கா அங்கே நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள், கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்ன பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மெடிக்கலில் கொடுத்து, அந்த டியூபை வாங்கி வந்தாள். டாக்டர் சீட்டு எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பூசிய மூன்றாவது வாரத்தில் அக்கா வெளுத்தாள். பொய் சொல்லவில்லை, அப்படியே வெளுத்தாள். கன்னம் ரோஜா நிறத்துக்கு வந்தது. முதலாளி கீழே வரச் சொன்னார். புதூரிலிருந்து வந்த பெரியம்மா கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "ஏட்டி, பட்டணத்துப் பிள்ளை மாதிரில்லா ஆயிட்ட! எம் மவளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றாள். நான் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிப்போய், கடை வாசலில் நின்று, "எங்க அக்காலே" என்று காட்டினேன். அதற்கு முன் நான் அவளை யாருக்கும் காட்டியதில்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

எட்டு மாதம் விடாமல் பூசினாள். பிறகு வெயிலில் வந்தால் முகம் எரிகிறது என்றாள். அடுப்பு முன்னால் உட்கார முடியவில்லை. மேலுதட்டிலும் தாடையிலும் பூனைமுடி வந்தது. பயந்துபோய் ஒருநாள் டியூபை நிறுத்தினாள். அந்த வாரத்துக்குள் முகம் வீங்கி, சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம் கிளம்பி, அதெல்லாம் உடைந்து நீர் வடிந்து, தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. காலையில் தலையணை உறையோடு கன்னம் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா தண்ணீர் தொட்டுத்தொட்டு எடுப்பாள். அது போதாது என்று பக்கத்து வீட்டு மதினி, "எலுமிச்சம்பழத்த அறுத்து நல்லா அழுத்தித் தேயி, உள்ள இருக்க கறுப்பு வெளிய வந்துரும்" என்று சொல்ல, அதையும் தேய்த்துக்கொண்டு அக்கா காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் தீக்காயம் போலக் கொப்புளித்திருந்தது. அது ஆறிய இடமெல்லாம், பழைய மங்கு எவ்வளவோ தேவலை என்னும்படி, தார் ஊற்றியதுபோல் கறுத்துப்போனது.

முதலாளி மாடிக்குக்கூட வர வேண்டாம் என்றார். "சனங்க பயந்துரும்லா" என்பது அவர் சொன்ன காரணம். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்று, "தொத்துமாக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் துண்டைக் கொடியில் அவள் துண்டுக்குத் தள்ளிப் போட்டேன். சோறு தின்னும்போது அவள் பக்கம் திரும்பமாட்டேன். ஒருநாள் அவள் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த செம்பை எடுத்துக்கொண்டுபோய், முற்றத்தில் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அக்கா நிற்கிறாள். அழவில்லை, ஏசவில்லை.

"உள்ளயும் தேயிலே. அங்கனதான் ஒட்டியிருக்கும்" என்றாள்.

நான் தேய்த்தேன், பிள்ளைகளே. அவள் சொன்ன மாதிரியே உள்ளேயும் தேய்த்தேன்.

அடுத்த வாரம் அப்பா அவளைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். தோல் டாக்டரம்மா அக்காவின் தாடையைத் தன் கையால் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. டியூபை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. டாக்டர் பாத்து, இத்தன நாளைக்குன்னு சொல்லிப் போட வேண்டிய மருந்து. நீ பவுடர் மாதிரி போட்டிருக்க. நம்ம தோலு கறுத்த தோலு; எரிஞ்சாலும் கறுக்கும், தேச்சாலும் கறுக்கும், கிள்ளினாலும் கறுக்கும். அதனால அத முதல்ல சும்மா விடணும். டியூபை நிப்பாட்டினதால இன்னும் கொஞ்ச நாள் எரியத்தான் செய்யும், பயந்துபோய் திரும்பப் போட்டுராத. நான் தார மருந்து மட்டும் போடு. குடை இல்லாம வெயில்ல போகாத. ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகும், பொறுத்துக்கோ."

"அந்த வெள்ளை திரும்ப வந்துருமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"அது ஒன் நிறமே இல்லம்மா. ஒன் நிறம் வரும்."

வந்தது. ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை அவள் குடை பிடித்துக்கொண்டுதான் காட்டுக்குப் போனாள். "மகாராணி களை வெட்ட வாரா, ஒதுங்குங்கட்டி" என்று கூடக் களை வெட்டியவர்கள் சிரித்தார்கள். அவள் குடையை மடக்கவில்லை. கன்னத்து எலும்பில் லேசான நிழல் மட்டும் மிஞ்சியது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஒரு விவசாயிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். மச்சான் தங்கமான மனுஷர்.

இப்போது அந்த ஜவுளிக்கடை இல்லை, அங்கே செல்போன் விற்கிறார்கள். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். டியூப் மட்டும் எங்கேயும் போகவில்லை. வேறு வேறு பெட்டியில், வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளைகூட போனில் பார்த்து வரவழைத்துக்கொள்கிறது. டாக்டர் உங்களைப் பார்த்து எழுதித் தராத எதையும் முகத்தில் போடாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது அதனால்தான்.

போன மாதம் என் இளையவளுக்குக் காதுகுத்து வைத்தோம். ஆல்பம் வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவள், "அப்பா, எப்போதும்வென்றான் அத்தை வரலையா? ஒரு போட்டோலயும் காணோமே" என்றாள்.

அக்கா வந்திருந்தாள். முதல் நாளே வந்து பாத்திரம் இறக்கினாள், சாம்பாருக்குக் காய் நறுக்கினாள், பந்தியில் கடைசி ஆள் வரைக்கும் பரிமாறினாள். "வாங்கக்கா, நீங்களும் நில்லுங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. "பந்தியில ஆள் இல்ல, நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு அவள் தூணுக்குப் பின்னால் போனதையும் நான் பார்த்தேன். அவள் கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் போட்டோ எதிலும் அவள் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை டியூப்லைட் வெளிச்சத்தில், பத்துப் பேர் பார்க்க, சிரித்துக்கொண்டு சேலையை வீசிய பெண்ணை எந்த டாக்டரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை.

மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா, தாயி" என்றேன். "நாங்கதான் அவள முன்னால வரவிடாம ஆக்கிட்டோம்."