வெள்ளிக்கிழமைக் கரைவலை

முல்லைத்தீவுக் கடற்கரையில் வெயில் ஏறுகிறது. நானும் செல்வமும் கிளிநொச்சியில் வகுப்பில் இருப்பதாகத்தான் இரண்டு வீட்டிலும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பள்ளிக்கூட வாசலில் முல்லைத்தீவு பஸ் நின்றது. மலைநாட்டில் பிறந்து அக்கராயனுக்கு வந்த செல்வம், தான் கடலையே கண்டதில்லை என்றான். ஏறிவிட்டோம். திரும்பிப் போகக் காசு இருக்கிறது, சாப்பிட இல்லை.

இப்போது மீனவர்களோடு சேர்ந்து கரைவலை இழுக்கிறோம். யாரும் கூப்பிடவில்லை. கயிற்றின் கடைசியில் இடம் இருந்தது, பிடித்துக்கொண்டோம். காலடியில் ஈர மணல் கரைகிறது. கடல் முழுவதும் மெல்ல மெல்லத் தன் பக்கம் வருகிறது என்கிறான் செல்வம், கண்ணை மூடிக்கொண்டு. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

வலை கரையேறியதும் அதன் சொந்தக்காரர், கழுத்தில் செபமாலை போட்டவர், ஈர்க்கில் கோத்த இரண்டு பாரை மீன்களை நீட்டுகிறார்.

"வேண்டாம் ஐயா. இண்டைக்கு வெள்ளி. வீட்டுக்குள்ள மீன் கொண்டுபோகேலாது," என்கிறேன்.

"எங்களுக்கு வெள்ளியெண்டா இறைச்சிதான் இல்லை, மீன்தான் கறி," என்று சிரிக்கிறார். "கயித்தில கை வைச்சவன் வெறுங்கையோட போனா நாளைக்கு மீன் படாது. பிடியும் தம்பி."

மீனைப் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டோம். கையில் மீன் மணமும் கடல் மணமும் போகவில்லை. பரந்தனில் பஸ் நிற்கும்போது தெருக் குழாயடிக்கு இறங்குகிறோம்.

"கழுவடா. அம்மா பிடிச்சிடுவா."

செல்வம் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.

"நீ கழுவு."

நானும் குழாயைத் திறக்கவில்லை.