கடற்கரையில் பெரட்டு

மலேசியாவில், கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்தில் இருந்த நீல மை. எச்சில் தொட்டுத் தேய்த்தால் கொஞ்சம் விரலில் ஒட்டும். அவ்வளவுதான் எங்கள் கடல். அதனால், ஐந்தாம் வகுப்பைக் கோலசிலாங்கூருக்கு அழைத்துப் போய், கடலோரத் தோட்டத்துப் பள்ளியில் ஓர் இரவு தங்க வைக்கப் போவதாகத் தலைமையாசிரியர் சொன்ன நாளிலிருந்து எங்கள் லயத்து வீடுகளில் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் டீச்சருக்கு நிறைமாதம். பெண்பிள்ளைகளோடு வர ஒரு பொம்பளை ஆள் கிடைக்காவிட்டால் பையன்கள் மட்டும்தான் போவார்கள். அம்மாமார்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குச் சினைமாடு, ஒருத்திக்குப் புருஷனின் கோபம். எங்கள் கடல் ஏறக்குறைய வற்றிவிட்ட நேரத்தில்தான் சின்னம்மா நான் போகிறேன் என்றாள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்தே பால்மரம் வெட்டப் போய்வந்தவள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வேலை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் வெளியில் இராத் தங்குவதாவது என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னம்மா அவருக்குத் தே கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"மலைக்குப் போய்ட்டா அப்புறம் பச்சையத் தவிர வேற என்ன மாமா பாக்கப் போறேன்? ஒரு தடவ கடலப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன் லா."

அப்பா தேயைக் குடித்தார். அதுதான் சம்மதம்.

பஸ் கிளம்பும் காலையில் அம்மாமார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என் பிள்ளைக்கு இழுப்பு, ஈரம் ஆகாது. என் பிள்ளை தூக்கத்தில் நடக்கும். என் பிள்ளை தண்ணீரைக் கண்டால் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடும். கடல் பெண்பிள்ளைகளைத்தான் முதலில் இழுக்கும் என்றாள் ஒருத்தி, தினம் கடலோடு பழகுகிறவளைப் போல. பிள்ளை பெறாத சின்னம்மாவின் மடியில் அந்த லயத்தின் பயம் முழுவதையும் கொட்டிவிட்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். ஆனால் பஸ் தோட்டத்து வளைவு திரும்புவதற்குள் எங்களை இரண்டு தடவை எண்ணிவிட்டாள்.

அன்று குன்றின் மேலிருந்த கலங்கரை விளக்கத்தையும், என் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டுபோன குரங்கையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கு வந்து படுத்தோம். கடல் மறுநாள் மத்தியானத்துக்கு என்று தலைமையாசிரியர் திட்டம் போட்டிருந்தார்.

"எந்திரிங்கடி. பெரட்டுக்கு நேரமாச்சு."

கண் விழித்தால் கும்மிருட்டு. சின்னம்மா வேலைக்காட்டில் நெற்றியில் கட்டும் விளக்கோடு நின்றிருந்தாள். இத்தனை வருஷமும் அவள் உடம்பு விழித்த நேரம் அது. விழித்ததும், வேலை வாங்கும் கங்காணியான மண்டோர் பேர் கூப்பிடும் களத்துக்கு, பெரட்டுக்கு, ஓட வேண்டும். பாயை உதறினோம், குளித்தோம், பல் கிட்டிக்க நின்றோம். எங்கள் தலைகளை எல்லாம் இறுக்கிப் பின்னி, இழுப்புக்காரிக்குத் தன் கம்பளியைச் சுற்றிவிட்டு, வாசலில் வரிசையாக நிறுத்திப் பேரும் கூப்பிட்டுவிட்டாள். பிறகுதான் அக்கம்பக்கம் பார்த்தாள். மண்டோர் இல்லை. மரம் இல்லை. பையன்கள் அறையிலிருந்து குறட்டைதான் வந்தது.

"இன்னிக்கு வேலையே இல்லையே சின்னம்மா," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பின்னிய தலையோடு மறுபடி யார் படுப்பது? பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய மூச்சு இழுத்து விடுவது கேட்டது. கிழக்கு வெளுக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கைகோத்து அந்தப் பக்கம் நடந்தோம்.

உப்புத்தண்ணீர் தோட்டத்துக்குள் வராமலிருக்கப் போட்ட மண்மேட்டில் ஏறியதும் கடல் எங்கள் காலடியில் இருந்தது. முழு ஏற்றம். முதலில் கறுப்பாக, அப்புறம் சாம்பலாக, அப்புறம் பால் விட்ட தே நிறத்தில் அது விடிந்துகொண்டே வந்தது. நீல மை எங்கும் இல்லை. இருந்தும் நாங்கள் ஏமாறவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறி, சின்னம்மாவின் முகத்தில் விழுந்தது. அவள் எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில், எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள். உதடுகள் எங்களை எண்ணி எண்ணி அசைந்துகொண்டிருந்தன. அலை அவள் குதிகாலை நனைத்தது. இழுப்புக்காரி, தள்ளி நில். நீ, கையை விடாதே. மறுபடி உதடுகள்.

கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் மேட்டில் மூச்சு வாங்க ஏறிவந்தார். காலியான அறையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தார். பளிச்சென்று வரிசையில் நின்றிருந்த எங்களைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது.

"பெரட்டு முடிஞ்சிருச்சாம்மா?"

"எல்லாரும் சரியா இருக்காங்கய்யா," என்றாள்.

மத்தியானம், திட்டப்படி, பையன்களோடு மறுபடி போனோம். இப்போது பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் பார் என்று தலைமையாசிரியர் சின்னம்மாவிடம் சொன்னார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கோயிலுக்குள் போகிறவள்போல மேட்டில் ஏறினாள். ஏற்றம் இறங்கி, கடல் போய்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டியவரை சேறு. அதில் நண்டுகளும் சேற்றில் துள்ளும் மீன்களும். பையன்கள் இதுதானா கடல் என்று எங்களைக் கேலி செய்தார்கள். நாங்கள் பார்த்தோம், பார்த்தோம் என்று தொண்டை வறளக் கத்தினோம். சின்னம்மா கையைப் புருவத்தில் வைத்து, வெகுநேரம் தூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தலை அவள் தோளில் இருந்தது. அவள் சேலையில் உப்பு வாடை.

"காலையில கடல் எப்படிடி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. கூடவே நின்றுவிட்டு இதென்ன கேள்வி.

"பெருசா இருந்துச்சு சின்னம்மா."

"அப்புறம்?" என்றாள்.

அதற்குள் நான் தூங்கிப்போனேன்.