இடித்த வீட்டின் கதவு

என்னைவிடப் பெரிய முட்டாளைத் எங்கள் தேவாரம் ஊரில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் அவன் பெற்ற தாய்க்குப் புது வீடு கட்டிக் கொடுத்திருக்க மாட்டான். நான் கட்டினேன். ஏலக்காய் வியாபாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்த வருஷம் அது. பழைய மண்சுவர் வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் காரை வீடு எழுப்பினேன். உயரமான வாசல் நிலைகள், நாலு பெரிய ஜன்னல்கள், முகம் தெரியும் சிவப்புத் தரை. மனையடி சாஸ்திரக்காரர் சொன்னாரென்று, மேற்குக் கதவைத் தாண்டி இருந்த அடுப்படியைத் தென்கிழக்குக்கும், அங்கிருந்தே போகும் கொல்லை வழியை வடக்குக்கும் மாற்றினேன். ஆத்தாவிடம் மட்டும் கேட்கவில்லை. கண்ணில் புரை விழுந்தவளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்?

அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. பழைய வீட்டு இருட்டில் கை நீட்டினால் உப்புச்சட்டி. கால் போன பக்கம் கொல்லை. தானே தண்ணீர் இறைத்து, தானே அடுப்பு மூட்டி, எனக்கும் கஞ்சி ஊற்றுவாள். புது வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண் கூசியது. மினுங்கும் தரையைத் தண்ணீரென்று நினைத்துச் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். ஒரே மாதத்தில், ஒரு வாய்த் தண்ணீருக்கும் ஆளைக் கூப்பிடுகிறவளாகிவிட்டாள்.

பிறகுதான் அது ஆரம்பித்தது. பட்டப்பகலில் எழுந்து நேராக மேற்குச் சுவருக்குப் போவாள். தலையைக் குனிவாள். காலைத் தூக்கி, இல்லாத வாசற்படியைத் தாண்டுவாள். நெற்றி சுவரில் முட்டும். அப்படியே நின்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருப்பாள். அந்தக் கை உரசும் சத்தம் வீடெல்லாம் கேட்கும்.

“இது அத்தை இல்ல. வேற ஆரோ வந்திருக்காக” என்றாள் என் மனைவி, பேய்க்கும் மரியாதை குறையாமல்.

புத்திசாலி மகன் என்ன செய்வான்? பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்தேன். அவர் உடுக்கை அடித்துக்கொண்டு ஆத்தா முன்னால் குதித்தார்.

“சொல்லு! எங்கன போகணும் ஒனக்கு?”

“கொல்லைக்கு” என்றாள் ஆத்தா. “விடிஞ்சதுல இருந்து கதவத் தேடுறேன். நீயாச்சும் காட்டுய்யா.”

உடுக்கை நின்றது. கோடாங்கி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வடக்கே கூட்டிப் போனார். அந்த வீட்டில் ஓட்டவேண்டிய பேய் ஒன்று இருந்தால், அது என் உருவத்தில், கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தது.

மறுநாள், கொத்தனார் தலையில் அடித்துக்கொள்ள, மேற்குச் சுவரை உடைக்கச் சொன்னேன். பழைய இடத்திலேயே கதவு. அதற்கப்பால் பழையபடி கூரை இறக்கி மண் அடுப்பு. ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா. கதவு வைத்த மூன்றாம் நாள் ஆத்தா தானே எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். புகை வந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. பழியைப் புகைமேல் போட்டேன்.

பழைய குட்டை வாசல் நிலையை மட்டும் என்னால் கொண்டுவர முடியவில்லை. அது எப்போதோ விறகாகி எரிந்துவிட்டது. புது நிலை என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். ஆத்தாவோ ஒவ்வொரு தடவையும் குனிந்துதான் போனாள். வெறும் காற்றுக்கு அவள் குனிவதைப் பார்க்கும்போதெல்லாம், இடித்த வீடு அங்கேயே நிற்கிறது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும்.

ஒருநாள் அந்த வாசலில் நின்று கேட்டேன்: “ஆத்தா, உள்ள வரட்டுமா?”

“குனிஞ்சு வா.”